ரொக்ஸ்லி ஸ்டேசனின் ஹொலண்ட் பூ

பெற்றீசியா என்கிற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது பீலியடியில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ஒரு சண்டைக்கு நடுவில். சண்டை போட்டவள் றோசலின். றோசலின் எனக்கு யாரென்றால், என் அம்மாவின் கடைசித் தங்கை, வேதக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போன சின்னம்மாவின் மூத்த மகள்; முறைக்குத் தங்கச்சி. அவளுடைய ஒரே மகன் கஸ்பர் அப்போதுதான் ரொக்ஸ்லி ஸ்டேசனில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தான். அரசாங்கச் சம்பளம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அப்படி ஒரு பையன் இருந்தால் அவனைப் பெற்றவளுக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும். றோசலினுக்கு நன்றாகவே நிமிர்ந்திருந்தது.

"பெற்றீசியாவாம் பெற்றீசியா," என்று குடத்தைக் கல்லில் வைத்தாள். "கொத்மல பக்கத்துப் பொண்ணு. காதுல ஒன்னும் கெடையாது, கழுத்துல ஒன்னும் கெடையாது. மம்மட்டி ஒன்னு இருக்காம். அத எடுத்துக்கிட்டுதான் வருவேங்கிறாளாம்."

"மம்மட்டியாவது கொண்டாறா," என்றேன் நான். "நீ வந்தப்ப என்னத்த கொண்டாந்த? வாயத்தானே கொண்டாந்த."

அதற்குப் பிறகு றோசலின் என்னோடு ஒரு நத்தார்ப் பண்டிகை முடிகிறவரைக்கும் பேசவில்லை.

மம்மட்டிக் கதை உண்மைதான். பெற்றீசியாவின் அப்பா கொத்மலையில் யாரோ ஒருவரின் காணியில் மரக்கறி போட்டவர். அணைக்கட்டுக் கட்டினபோது அந்தக் காணி தண்ணீருக்குள் போனது. காணிக்காரருக்கு வேறு பக்கம் காணி கொடுத்தார்கள். பெற்றீசியாவின் அப்பாவுக்கு மம்மட்டி மிஞ்சியது. அதைத்தான் அவர் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தனுப்பினார்.

ஸ்டேசனைப் பற்றிச் சொல்லாமல் பெற்றீசியாவைப் பற்றிச் சொல்ல முடியாது. நானுஓயாவைத் தாண்டிப் பட்டிப்பொலப் பக்கம் ஏறுகிற பாதையில், பனிமூட்டத்துக்குள் திடீரென்று ஒரு மேடை தெரியும். அதுதான் ரொக்ஸ்லி. வெள்ளைக்காரன் தேயிலைப் பெட்டி ஏற்றவும் உரமூட்டை இறக்கவும் கட்டினான். மனிதர்களும் ஏறலாம் என்பது பிறகு வந்த யோசனை. அதற்கப்புறம் ஸ்டேசனுக்கு முன்னால் ஒரு தெரு வந்தது, தபால் கந்தோர் வந்தது, பைஸரின் வாப்பா சாப்பாட்டுக் கடை போட்டார். ஒரு தையல் கடையும் வந்ததும் நாங்கள் அதை டவுன் என்று சொல்லத் தொடங்கினோம். இன்றைக்கும் டவுன்தான்.

கப்பலுக்குப் பெயர் வந்த சனமெல்லாம் இந்தியாவுக்குப் போக ஏறியதும் இந்த மேடையில்தான். என் கூடப்பிறந்த பேச்சியம்மா பிள்ளைகளோடு இங்கேதான் ஏறினாள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நாங்கள் அழுத அழுகையில் மேடையோரத்துப் பூப்பாத்தி ஒன்று மிதிபட்டுப் போனது. அப்போதிருந்த ஸ்டேசன் மாத்தயா தனக்குத் தெரிந்த தமிழில், "அழுங்க அம்மா, ஆனா பூவ மிதிக்காம அழுங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த மாதம் பூந்தோட்டப் போட்டி. மலைநாட்டுப் பாதையில் எந்த ஸ்டேசனில் பூ நன்றாக இருக்கிறது என்று வருசா வருசம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். எந்த ஸ்டேசனுக்குக் கோச்சி நேரத்துக்கு வருகிறது என்று ஒரு போட்டி கிடையாது. வைத்தால் பரிசு வாங்க ஆள் இருக்காது.

அந்த வருசம் ரொக்ஸ்லிக்கு இரண்டாம் பரிசு.

கஸ்பருடைய வேலையில் இந்தப் பூந்தோட்டமும் சேர்த்தி. அவனுக்கோ மண்ணைத் தொடுவது தோட்டத்து ஆள் செய்கிற வேலை. "மம்மட்டி புடிக்காம இருக்கத்தான் கவுமெண்டு வேலைக்குப் போனேன். வீட்டுக்கு வந்தா கதவுக்குப் பின்னால மம்மட்டி நிக்கிது," என்று என்னிடம் வந்து குறைப்பட்டான். கல்யாணமாகி ஒரு வாரத்தில் பெற்றீசியா அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் மேடையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் நடந்து பார்த்தாள்.

"இவ்ளோ மண்ணு சும்மா கெடக்கு," என்றாள்.

"சும்மா எங்க கெடக்கு? பூ இருக்கு."

"அதத்தான் சொல்றேன்."

மறுநாளிலிருந்து பூந்தோட்டம் அவள் கைக்குப் போனது. கஸ்பருக்கு நிம்மதி. தண்டவாளத்துப் பக்கம் முன்வரிசையில் டேலியாவும் செவ்வந்தியும் நிற்கும். அதற்குப் பின்னால் கோவா, கரட், நோக்கோல், வெங்காய வாசம் அடிக்கிற லீக்ஸ். கோச்சியில் இருந்து பார்த்தால் பூந்தோட்டம். லயத்துப் பக்கம் இருந்து பார்த்தால் கறித்தோட்டம். கோச்சியில் வருகிறவர்கள் லயத்துப் பக்கம் வந்து பார்ப்பதில்லை என்பதால் இரண்டு பேருக்கும் குறையில்லை.

ஸ்டேசன் மாத்தயாமாருக்குக் கண் இல்லாமல் இல்லை. முதலாமவர் ஒரு நாள் கோவா ஒன்றைக் காலால் தட்டி, "மே மொனவாத, இது என்ன?" என்று கேட்டார். அன்று சாயந்தரம் அந்தக் கோவா அவருடைய குவார்ட்டஸ் அடுப்பில் இருந்தது. அவர் மாற்றலாகிப் போகிறவரைக்கும் திரும்பக் கேட்கவில்லை. அடுத்தவருக்குக் கரட், அதற்கடுத்தவரின் நோனாவுக்கு நோக்கோல். எங்கள் லயத்தில் யாருக்கும் அந்த மாத்தயாமாருடைய பெயர் தெரியாது. "கோவா மாத்தயா காலத்துல வெள்ளம் வந்துச்சே," "கரட் மாத்தயா இருக்கும்போதுதான் ஷாமிலா பொறந்தா," என்றுதான் பேச்சு. ஷாமிலா பெற்றீசியாவின் மகள். அந்த ஸ்டேசனின் சரித்திரத்தை யாராவது எழுத வந்தால் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பிறகு கஸ்பர் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தான். அவன் இடத்துக்கு வந்த ஆளும் மண்ணைத் தொட விரும்பவில்லை. பெற்றீசியாவை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொன்னவர்களும் இல்லை. அந்த மண் அவளுடையது என்று எங்கேயும் எழுதியில்லை. ஆனால் ஷாமிலா படித்தது அந்த மண்ணில். றோசலினைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்ததும் அந்த மண்ணில்தான். கழுத்து நிமிர்ந்த மாமியார் படுக்கையில் கிடந்தபடி மருமகளின் நோக்கோல் கறி போதவில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆகவே ஒரு மாத்தயாவுக்கு மாற்றல் வந்தால் பெற்றீசியாவுக்கு உறக்கம் போய்விடும். அடுத்து வருகிறவர் மரக்கறி விரும்பிச் சாப்பிடுகிறவராக இருக்கட்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள்.

மாதா நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பூ மாத்தயா வந்தார்.

அவர் இளவயது, கல்யாணமாகாதவர். குவார்ட்டஸில் அடுப்பே மூட்டவில்லை. மூன்று வேளையும் பைஸரின் கடையில் சாப்பாடு. பெற்றீசியா லீக்ஸ் கட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் அதை ஏதோ செத்த பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எனக்கு எதுக்கு இது? சமையல் இல்லையே."

அவள் நேராகப் பைஸரிடம் போனாள். நான் அப்போது கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நானா, அந்த மாத்தயா மரக்கறியே சாப்பிடுறதில்லயா?"

"சாப்பிடாம? நீ கொண்டாந்து தர்ற லீக்ஸத்தானே வதக்கி ரெண்டு நேரமும் அவருக்கு வைக்கிறேன்."

"அது லீக்ஸுன்னு அவருக்குச் சொன்னா என்னா?"

"சொன்னா கோழி கேப்பாரு தங்கச்சி. கோழிக்கு நான் எங்க போவேன்?"

பூ மாத்தயாவுக்கு ஒரே ஆசை: முதல் பரிசு. வந்த மாதமே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போட்டிக்கு முன்னால் மரக்கறி எல்லாவற்றையும் பிடுங்கிவிடச் சொன்னார். திரும்ப நடக்கூடாது, முழுக்கப் பூ. பெற்றீசியா கோவாவைப் பிடுங்கினாள், கரட்டைப் பிடுங்கினாள். லீக்ஸில் ஒரு வரிசை மட்டும் நின்றது. அது விதைக்கு விட்டது. நல்ல லீக்ஸை வெட்டாமல் முற்றவிட்டால் ஆள் இடுப்பளவு தண்டு எழும்பி, உச்சியில் பந்து மாதிரிப் பூக்கும். வெள்ளையும் ஊதாவுமாக, பார்க்க ஒரு மாதிரி அழகு. அந்தப் பூ காய்ந்தால்தான் விதை.

"மாத்தயா, இந்த ஒரு வரிசைய மட்டும் விதை முத்துற வரைக்கும் விட்டுருங்க. இதையும் புடுங்கிட்டா என்கிட்ட ஒன்னுமே இல்ல. வேற எங்கயாச்சும் ஒரு பிடி மண்ணு கெடச்சாலும் போட விதை வேணுமே."

அவருக்கும் மனசு இருந்தது. "சரி. போட்டி ஆட்கள் வருகிற அன்றைக்குக் காலையில் பிடுங்கு. அதற்கு மேல் ஒரு நிமிசமும் இல்லை," என்றார்.

அந்த நாளும் வந்தது. போட்டி ஆட்கள் காலைக் கோச்சியில் வருவதாகத் தகவல். காலைக் கோச்சி என்றால் எங்களுக்கு மத்தியானம். பெற்றீசியா மம்மட்டியைப் பக்கத்தில் சாத்திவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் வெயில் குடிக்கட்டும் என்று லீக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்தயா பைஸரின் கடையில், பித்தான் போடாத சட்டையோடு பராட்டா தின்றுகொண்டிருந்தார். நான் பட்டிப்பொலவில் இருக்கிற மகளைப் பார்க்கப் போகவேண்டும் என்று கிளம்பி, அதே கணக்கில் ஆறுதலாக வந்துகொண்டிருந்தேன்.

அப்போது விசில் கேட்டது. கோச்சி நேரத்துக்கு வந்தது. ரொக்ஸ்லியில் யாருக்கும் அப்படி ஒன்று நினைவில்லை. அது முந்தின நாள் கோச்சி என்று நினைத்தவர்களும் உண்டு. பாதிப் பேர் ஏறத் தவறிவிட்டோம், நானும்தான்.

மாத்தயா பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் இரண்டு துரைமாரும் ஒரு நோனாவும் இறங்கியாகிவிட்டது. நோனாவுக்கு எங்கள் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. டேலியாவைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். செவ்வந்தியைப் பார்த்தார்கள், கொட்டாவி விட்டார்கள். மற்ற ஸ்டேசன்களிலும் அதுதானே. பிறகு லீக்ஸ் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"இது என்ன பூ?" என்று நோனா சிங்களத்தில் கேட்டார்.

மாத்தயா பெற்றீசியாவைப் பார்த்தார். பெற்றீசியா மம்மட்டியைப் பார்த்தாள். மாத்தயா வானத்தைப் பார்த்துவிட்டு, "ஹொலண்ட்," என்றார்.

"ஹொலண்டா?"

"ஹொலண்டிலிருந்து வந்தது, மெடம். ஹொலண்ட் பூ."

துரைமாரில் மூத்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஆமாம். நான் படத்தில் பார்த்திருக்கிறேன்," என்றார்.

நோனா தன்னுடைய அறையில் வைக்க வேண்டும் என்று இரண்டு பூவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெற்றீசியாவே வெட்டிக் கொடுத்தாள். கொழும்பு போகிறவரைக்கும் அந்தப் பெட்டி என்ன மணம் மணந்ததோ.

ரொக்ஸ்லிக்கு முதல் பரிசு கிடைத்தது. கேடயத்தை டிக்கெட் கொடுக்கிற அறையில் மாட்டினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கோச்சி நிற்கிற நேரத்தில் இறங்கிவந்து பூவோடு படம் எடுத்தார்கள். ஒரு பொண்ணு மட்டும் குனிந்து முகர்ந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குச் சொந்த ஊரே ஹொலண்டோ என்னவோ.

பரிசு கிடைத்த தோட்டத்தை அப்படியே விடலாமா? மேலிடம் பச்சைக் கம்பிவேலி அனுப்பியது. கதவு, பூட்டு, மூன்று பாசையிலும் பலகை: உள்ளே வராதீர்கள். மேடை நீளத்துக்கும் ஹொலண்ட் பூ போடவேண்டும் என்று உத்தரவு. அதற்கென்று தோட்டக்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுப்பதாகவும் சொன்னார்கள். பெற்றீசியா நல்ல சேலை ஒன்றை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு அதற்குப் போனாள். பூ வளர்த்த அனுபவம் உண்டா என்று கேட்டார்களாம்.

"என்னா சொன்ன?" என்றேன்.

"மரக்கறிதான் போட்டிருக்கேன்னு சொன்னேன். பொய் சொன்னா மாதாவுக்கு ஆகாதே. மாத்தயா பக்கத்துல ஒக்காந்து மேசையவே பாத்துக்கிட்டு இருந்தாரு."

வேலை அழகனுக்குக் கிடைத்தது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன். விசாரித்துப் பார்த்தால் என் மாமியாருடைய தம்பி வழியில் பேரன் முறை. வந்த அன்றைக்கே வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு, வெளியே நின்ற பெற்றீசியாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இது லீக்ஸு."

"தெரியும்."

"மாத்தயா ஹொலண்ட் பூங்கிறாரு."

"மாத்தயா சொன்னா சரிதான்."

"விதை ஒங்ககிட்டதான் இருக்காம். குடுக்கச் சொன்னாரு. நாத்து எப்ப மாத்தி நடுறது?"

அவள் விதையையும் கொடுத்தாள். எப்போது நடுவது, எவ்வளவு மண் அணைப்பது என்று வேலிக்கு வெளியே நின்றே சொல்லியும் கொடுத்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. "ஒனக்குக் கூறு கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். "லீக்ஸு என்னா பாவம் செஞ்சிச்சு பெரியம்மா," என்றாள்.

அதற்குப் பிறகு மேடையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் லீக்ஸ் நின்றது. பூக்க வேண்டும் என்பதால் சாப்பிடுகிற பருவத்தில் ஒருவரும் தொடக்கூடாது. பெற்றீசியா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கினாள், அந்த வயதில், கைக்காசுக்கு. மலையிலிருந்து இறங்கி வரும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "லீக்ஸு முத்திப்போறத பாத்துக்கிட்டு நிக்கிறது அடுத்தவ வீட்டுல சோறு தீயிறத பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு பெரியம்மா. உள்ள போயி எறக்கவும் முடியல," என்பாள். பைஸர் டவுனுக்கு வெளியிலிருந்து லீக்ஸ் வாங்கி, வேலிக்குள் லீக்ஸ் நிற்கிற ஸ்டேசனின் மாத்தயாவுக்கு வதக்கி வைத்தார்.

போன வருசக் கடைசியில் அந்த மழை வந்தது. மலை இறங்கியது. எங்களுக்கு வேண்டியவர்களும் அதில் போனார்கள்; அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஸ்டேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு மேலேயும் கீழேயும் மண் சரிந்து, தண்டவாளம் துணி காயப்போடுகிற கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. கோச்சி நின்றது. ரோட்டும் உடைந்தது. அழகன் ஊரைப் பார்க்க நடந்தே போனவன், பிறகு கோச்சி ஓடுகிற ஒரு ஸ்டேசனுக்கு மாற்றப்பட்டான். டவுனுக்குச் சாமான் வரவில்லை. பைஸர் கடைசிப் பருப்பையும் சனத்துக்குக் கொடுத்துவிட்டுக் கடையை மூடினார்.

கோச்சி வராத ஸ்டேசனில் மாத்தயா மட்டும் இருந்தார். ஸ்டேசனை விட்டுப் போக அவருக்கு உத்தரவு வரவில்லை. பட்டினி கிடந்த இரண்டாம் நாள் காலையில் அவர் சாவியும் கையுமாக லயத்துக்கு வந்தார். அதுவரைக்கும் எந்த மாத்தயாவும் லயத்துப் பக்கம் வந்ததில்லை. பெற்றீசியாவின் வாசலில் நின்று செருமினார்.

"பெற்றீசியா. அந்த ஹொலண்ட் பூ... சாப்பிட்டா உடம்புக்கு ஒன்னும் செய்யாதா?"

அவள் அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். எத்தனை நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று எனக்குத் தெரியும். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஹொலண்டுல சாப்பிடுறாங்களோ என்னமோ மாத்தயா," என்றாள். "நாங்க சாப்பிடுவோம்."

சாவியை வாங்கிக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்து மம்மட்டியை எடுத்தாள். அன்று கோயிலில் கொடுத்த அரிசியில் சோறு வடித்தோம். எங்கள் லயத்துக்கும், பைஸரின் வீட்டுக்கும், தையல்காரருக்கும், மாத்தயாவுக்கும் முதல் பரிசு வாங்கிய பூவைத்தான் வதக்கினோம். மாத்தயா ஒரு வாய் வைத்துவிட்டுப் பைஸரைத் திரும்பிப் பார்த்தார். "நானா, இதைத்தானே எனக்கு இத்தனை நாளும் வைத்தீர்கள்?" என்று கேட்டார்.

"அது வேற மாத்தயா," என்றார் பைஸர். "அது லீக்ஸ்."

பூ வெட்டின பாத்தியில் பெற்றீசியா கரட் போட்டாள், கோவா போட்டாள். மாத்தயா பார்க்கவே இல்லை. குவார்ட்டஸில் புகை எழும்பத் தொடங்கியது.

ஷாமிலா கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். நத்தாருக்குக் கோச்சியில் வருகிறவள் அந்த நத்தாருக்கு வர முடியவில்லை. போனில் கேட்டாள்: "அம்மா, கோச்சி எப்ப ஓடும்னு மாத்தயாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏம்மா?"

"கேட்டா ஓடிருமோன்னு இருக்கு."

போனை வைத்த பிறகு பெற்றீசியா வெகுநேரம் மம்மட்டியைத் தொடவில்லை. ஊரே கோச்சி வரட்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் மாதாவுக்கு முன்னால் போய், என்ன கேட்பதென்று தெரியாமல் மெழுகுதிரியை மட்டும் கொளுத்திவிட்டு வந்தாள்.

இப்போது கீழேயிருந்து தண்டவாளம் செப்பனிட்டுக்கொண்டு வருகிறார்கள். பூ மாத்தயாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும்போது, "சாவி உன்னிடமே இருக்கட்டும். யாராவது கேட்டால் ஹொலண்டுக்கு அனுப்பிவிட்டதாக எழுதிவிடுகிறேன்," என்றார். ஒரு கட்டு லீக்ஸும் கொண்டுபோனார்.

புது மாத்தயா இன்னும் வரவில்லை. அவர் என்ன சாப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாது. கோச்சியும் இன்னும் வரவில்லை. பெற்றீசியா ரொக்ஸ்லி ஸ்டேசனில், வேலிக்கு உள்ளே இருக்கிறாள்.